இரண்டு வயதைக் குறைத்தால் என்ன தப்பு?

வாசகர் கடிதம்:

"மேடம், எனக்கு உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். குட்டியானை வண்டி ஓட்டுகிறேன். மகள் ஒன்பதாம் வகுப்பு. வயது 14 முடிந்து 15 நடக்கிறது. போன வருடம் 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் 400 மீட்டர் ஓடி, மாநில அளவில் மூன்றாவதாக வந்தாள். 64.8 வினாடி. இந்த வருடம் 17 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்குப் போய்விட்டாள். மாவட்டத்திலேயே ஆறாவது, 66.3 வினாடி. காலையும் மாலையும் ஓடத்தான் செய்கிறாள், ஆனால் நேரம் கூடிக்கொண்டே போகிறது. மெடல் வாங்கினால் ஆயிரம் ரூபாய் என்று சொல்லியும் பார்த்தேன். பிள்ளைகளைப் போட்டிகளுக்கு அழைத்துப் போகிற ஒருவர், 'இரண்டு வயது குறைத்து பிறப்புச் சான்றிதழ் ஏற்பாடு செய்கிறேன், வெளி மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பில் சேர்த்துவிடலாம், இரண்டு வருடத்துக்கு இவளை ஜெயிக்க ஆள் கிடையாது, எல்லோரும் செய்வதுதான்' என்கிறார். என் மனைவி வேண்டாம் என்கிறாள். இந்தப் பேச்சு வந்த நாளிலிருந்து பாப்பா கிரவுண்டுக்குப் போகவில்லை, என்னோடு பேசுவதும் இல்லை. இரண்டு வயதைக் குறைத்தால் அப்படி என்ன தப்பு? நான் என்ன செய்யட்டும்?"

அன்புத் தம்பிக்கு,

முதலில் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். அந்தச் சான்றிதழ் வேண்டாம். அந்த மனிதருக்கு இன்றைக்கே போன் போட்டு, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாப்பா பக்கத்தில் இருக்கும்போது, அவள் காதில் விழும்படி சொல்லுங்கள். அவள் ஏன் உங்களோடு பேசவில்லை என்பதற்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

ஏன் வேண்டாம் என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'எல்லோரும் செய்வதுதான்' என்று உங்களிடம் சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை. நிறையப் பேர் செய்கிறார்கள். செய்த ஒரு பையனை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

நான் பயிற்சியாளராக வந்த புதிது. 800 மீட்டர் ஓடுகிற பையன் ஒருவன் என்னிடம் வந்து சேர்ந்தான். அவனைக் கொண்டுவந்து விட்டவர்களே இரண்டு வயது குறைத்துத்தான் சேர்த்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும். மேல் உதட்டில் மீசை அரும்பிவிட்டது, குரல் உடைந்துவிட்டது, எந்தப் பயிற்சியாளருக்குத்தான் தெரியாது? நான் வாயைத் திறக்கவில்லை. புதிய ஆள், எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். இரண்டு வருடம் அவன் ஓடிய பந்தயத்தில் எல்லாம் முதலிடம். ஒரு போட்டியில் பெயர் பதிகிற மேசைக்கு முன்னால் நிற்கிறோம். அங்கே உட்கார்ந்திருந்தவர் படிவத்தைப் பார்த்துக்கொண்டே, "எந்த வருஷம்டா பிறந்தே?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். பையன் பதில் சொல்லவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தான். எந்த வருடத்தைச் சொல்ல வேண்டும் என்று கேட்பது போல் இருந்தது அந்தப் பார்வை. நானே வருடத்தைச் சொன்னேன், பொய்யான வருடத்தை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது தம்பி, அந்த முகம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அவன் கதை எப்படி முடிந்தது தெரியுமா? கூட ஓடிய பையன்களும் வளர்ந்தார்கள். அவர்களுக்கும் தொடையும் தோளும் வந்தன. இவன் எப்போதோ வளர்ந்து முடித்துவிட்டதால், இவனிடம் புதிதாக வர எதுவும் மிச்சம் இல்லை. நாலாவது, ஆறாவது என்று இறங்கினான். தோற்றுப் பழக்கம் இல்லாத பையன், அதைத் தாங்க முடியாமல் ஒரு நாள் கிரவுண்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பொய்யான தேதி ஏறிவிட்டது. வேலைக்கு, பாஸ்போர்ட்டுக்கு, எதற்கு எழுதிப் போட்டாலும் இன்றுவரை அதே தேதிதான்.

இனி உங்கள் விஷயத்தில் நடைமுறைச் சிக்கலையும் பாருங்கள். பாப்பாவுக்கு ஏற்கெனவே எமிஸ் எண், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண் இருக்கிறது, அதில் பிறந்த தேதி இருக்கிறது. போன வருடம் மாநிலப் போட்டியில் ஓடியவள், அந்தப் படிவங்களிலும் இருக்கிறது. இத்தனையையும் மாற்ற ஒரு பொய் போதாது, பத்துப் பொய் வேண்டும். அத்தனையிலும் பெற்றோர் கையெழுத்து என்று உங்கள் கையெழுத்துதான் இருக்கும். பொய்ச் சான்றிதழ் கொடுப்பது சட்டப்படி குற்றம். வயது மோசடியைத் தடுக்க மத்திய விளையாட்டு அமைச்சகம் 2010-லேயே தனி நெறிமுறை கொண்டுவந்துவிட்டது. தேசிய அளவிலான இளையோர் போட்டிகளுக்குப் போனால் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிக்கிற வழக்கம் உண்டு. எலும்பு வளரும் முனைகள் எவ்வளவு மூடியிருக்கின்றன என்று அதில் பார்ப்பார்கள். உங்களிடம் பேசியவர் அன்றைக்குப் பக்கத்தில் இருக்க மாட்டார். அந்த மேசைக்கு முன்னால் பாப்பாதான் நிற்பாள். இதெல்லாம் போக, ஒன்பதாவது படிக்கிற பிள்ளையைத் திரும்ப ஏழாவதில் உட்கார வைப்பது! அவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தாலும் இது வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு நாள் காலையில் கிரவுண்டில் நடப்பதைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

ஆறு முந்நூறு ஓட வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். அதாவது 300 மீட்டரை ஆறு தடவை, நடுவில் ஐந்து ஐந்து நிமிடம் இடைவெளி. நான் அந்தப் பக்கம் நீளம் தாண்டுகிறவர்களைப் பார்க்கப் போய்விடுவேன். திரும்பி வந்து "எத்தனை ஆச்சு?" என்று கேட்டால், ஐந்து ஓடிவிட்டு ஆறு என்று சொல்கிற பிள்ளைகள் உண்டு. இடுப்பில் கைவைத்துக் குனிந்து, மூச்சு வாங்கிக்கொண்டே "அஞ்சுதான் மேடம், ஆறாவது பாதியில நின்னுட்டேன்" என்று சொல்கிற பிள்ளையும் உண்டு. அந்தப் பிள்ளையைத்தான் என்னால் முன்னேற்ற முடியும். பாதியில் ஏன் நின்றாள், காலா, மூச்சா, தூக்கம் இல்லையா என்று விசாரித்து, அடுத்த வாரம் ஐந்தாகக் குறைப்பேன், அதற்கடுத்த வாரம் ஆறு கேட்பேன். பொய் சொன்ன பிள்ளைக்கு அடுத்த வாரம் ஏழு எழுதிக் கொடுத்திருப்பேன். அது அவள் தொடைத் தசையைத்தான் கிழிக்கும்.

ஓட்டத்தில் எல்லாமே எண்தான், தம்பி. எத்தனை வினாடி, எத்தனை தடவை, எத்தனை மணி நேரத் தூக்கம், மாதவிலக்கு எந்தத் தேதியில் வந்தது. இவை உண்மையாக இருந்தால்தான் நாளைக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியும். வயது இந்த எண்களுக்கெல்லாம் அடியில் இருக்கிற எண். அதை மாற்றிவிட்டால், 12 வயதுப் பிள்ளை என்று நினைத்து ஒரு பயிற்சியாளர் அவளுக்குத் திட்டம் போடுவார். 64 வினாடியைப் பார்த்து ஊரே அபாரம் என்று சொல்லும். அது உண்மையிலேயே அபாரமா, வயதால் வந்ததா என்று அவளுக்கே தெரியாமல் போய்விடும். ஜெயித்த பிறகும் தன்னைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாத நிலைமை அது. பாப்பா இதையெல்லாம் வார்த்தையாக யோசித்திருக்க மாட்டாள். ஆனால் 'நீ இருக்கிறபடி இருந்தால் போதாது' என்று அப்பா சொல்லிவிட்டார் என்பது அவளுக்குக் கேட்டிருக்கும்.

சரி, நேரம் ஏன் கூடுகிறது? உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். நீங்கள் சோம்பலைச் சந்தேகப்படுகிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பெண் பிள்ளைகளுக்கு உயரம் வேகமாகக் கூடுகிற காலம் பெரும்பாலும் 12 வயதை ஒட்டி வருகிறது. அதற்கப்புறம் வயதுக்கு வருகிறார்கள், இடுப்பு அகலும், எடை கூடும். பையன்களுக்கு அந்தப் பருவத்தில் தசை தானாக ஏறும், வேகமும் தானாக வரும். பெண் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. நேற்றுவரை இருந்த உடம்பு ஒன்று, இன்று ஓட வேண்டிய உடம்பு வேறொன்று. அதற்குப் பழகும்வரை நேரம் ஒரு வருடம், சில பிள்ளைகளுக்கு இரண்டு வருடம்கூட அப்படியே நிற்கும், பின்னாலும் போகும். 13-லிருந்து 16 வரை ஏராளமான பெண்கள் ஓட்டத்தை விட்டுப் போவது இதனால்தான். தனக்கு இனி வராது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டிலும் அப்படியே நினைத்துவிடுகிறார்கள். பொறுத்திருந்தவர்கள் 17, 18-ல் திரும்பி வருவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அதோடு அவள் இப்போது யாரோடு ஓடுகிறாள் என்று யோசியுங்கள். தன்னைவிட இரண்டு வயது மூத்த பிள்ளைகளோடு. பிரிவு மாறிய முதல் வருடத்தில் மாவட்டத்தில் ஆறாவது என்பது அவமானமே இல்லை.

ரத்தப் பரிசோதனை ஒன்று கட்டாயம் செய்யுங்கள். உசிலம்பட்டி அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. நன்றாகப் பயிற்சி செய்தும் நேரம் ஏறுகிற பிள்ளைகளில் இது அடிக்கடி அகப்படுகிறது. 200 வரை ஓடிவிடுவார்கள், அதற்கு மேல் கால் சோர்ந்துவிடும். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறாளா, ஜன்னல் வழியாகப் போடுகிறாளா என்றும் அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள், மிரட்டாமல். முருங்கைக்கீரை, கேழ்வரகு, வாரம் ஒரு நாளாவது ஈரல். கீரை சாப்பிடுகிற நேரத்தில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் சத்து நன்றாகப் பிடிக்கும். சாப்பாட்டோடு டீ மட்டும் வேண்டாம், அது இரும்புச்சத்தைச் சேரவிடாது. ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் டாக்டர் சொல்கிறபடி மருந்து. கடையில் டப்பாவில் விற்கிற பவுடர் எதையும் யார் சொன்னாலும் வாங்காதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது, ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால் பிள்ளைதான் தண்டனை அனுபவிக்கும்.

அடுத்து, அவள் 400-ஐ எப்படி ஓடுகிறாள் என்று பார்க்க வேண்டும். 66.3 என்று மொத்தத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். 200-ல் எவ்வளவு? என் அனுபவத்தில், இந்த நேரத்தில் ஓடுகிற பிள்ளைகள் முதல் 200-ஐ 30-ல் ஓடிவிட்டு, அடுத்த 200-க்கு 36 எடுத்துக்கொள்வார்கள். 300 தாண்டியதும் பாருங்கள், தோள் காதுவரை ஏறும், தாடை இறுகும், கை குறுக்கே வீசும். ஆள் ஓடுகிற மாதிரி தெரியும், தரை நகராது. முழு வேகத்தில் ஓடும்போது இழுக்கிற மூச்சு போதாமல் உடம்பு வேறு வழியில் சக்தி எடுக்கிறது. அதன் கழிவு காலில் சேர்ந்து கனக்கிறது. அதை எவராலும் தடுக்க முடியாது. ஆனால் முதல் 200-ஐ 31-ல் ஓடினால் இரண்டாவதை 33-ல் முடிக்க வாய்ப்பு வரும். கூட்டிப் பாருங்கள், 64. ஒரு வினாடி மெதுவாகப் புறப்பட்டு இரண்டு வினாடி சம்பாதிக்கிற வித்தை இது. சான்றிதழ் திருத்தாமலே போன வருட நேரத்தைத் தாண்டிவிடலாம். ஆனால் 200-ல் எல்லோரும் முன்னால் போகும்போது பதறாமல் தன் ஓட்டத்தை ஓட வேண்டும். அதற்குத்தான் மனசு வேண்டும். பின்னால் கிடந்தால் அப்பா முகம் எப்படி மாறும் என்று நினைக்கிற பிள்ளைக்கு அது வராது.

ஆயிரம் ரூபாய் விஷயத்துக்கு வருகிறேன். ஆசையாகத்தான் சொன்னீர்கள், தெரியும். அமெரிக்காவில் மூன்று உளவியல் ஆய்வாளர்கள் ஒரு மழலையர் பள்ளியில் செய்து பார்த்து, 1973-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. படம் வரைவதில் ஆசை உள்ள குழந்தைகளில் ஒரு கூட்டத்திடம், 'வரைந்தால் பரிசு' என்று முன்னாலேயே சொன்னார்கள். இன்னொரு கூட்டத்துக்குச் சொல்லாமலே பரிசு கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றும் கிடையாது. ஒன்றிரண்டு வாரம் கழித்து, யாரும் சொல்லாமல் எந்தக் குழந்தை பேனாவை எடுக்கிறது என்று கவனித்தார்கள். பரிசு தருவதாக முன்னாலேயே சொல்லப்பட்ட குழந்தைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். ஆசையாகச் செய்துகொண்டிருந்த காரியம் கூலி வேலையாகிப் போனது. அதனால் ஆயிரம் ரூபாய்ப் பேச்சை இனி எடுக்காதீர்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் போட்டி முடிந்ததும் வழியில் பரோட்டா சால்னா வாங்கிக் கொடுங்கள். ஸ்பைக்ஸ், அதாவது ஆணி வைத்த ஓட்டக் காலணி வேண்டுமென்றால், பழையது தேய்ந்தபோது நல்லதாக வாங்கிக் கொடுங்கள், மெடலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

மூத்த ஆள் ஒருத்தியைப் பற்றியும் பாப்பாவிடம் சொல்லுங்கள், நம் மாவட்டத்துப் பெண்தான். சக்கிமங்கலம் ரேவதி வீரமணி. சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்தவர், கூலி வேலை பார்த்த பாட்டி ஆரம்மாள்தான் வளர்த்தார். காலில் ஷூ இல்லாமல் ஓடியவரைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டெடுத்தார். பெண் பிள்ளையை ஓட அனுப்பவா என்று பாட்டி முதலில் தயங்கினார், கண்ணன்தான் பேசிச் சம்மதிக்க வைத்தார். முறையான பயிற்சிக்கு ரேவதி வந்தது பள்ளிப் படிப்பு முடிகிற சமயத்தில்தான் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அதே பெண் 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடுகிற 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அணி தன் ஹீட்ஸில், அதாவது தகுதிச் சுற்று ஓட்டத்தில், கடைசியாகத்தான் வந்தது. பாட்டி பெருமைப்படவில்லையா என்ன? 14 வயதில் மெடல் வாங்காவிட்டால் கதவு அடைத்துவிடும் என்று உங்களிடம் யார் சொன்னாலும், சக்கிமங்கலத்தைக் காட்டுங்கள்.

இனி பாப்பாவிடம் எப்படிப் பேசுவது? அப்பா தப்பாக யோசித்துவிட்டேன் என்று ஒரு வரி சொன்னால் போதும். நீளமாகப் பேச வேண்டாம், அழவும் வேண்டாம். மூன்று வாரம் அவள் ஓட வேண்டிய கட்டாயம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அந்த மூன்று வாரத்தில் நேரம், மெடல், போட்டித் தேதி என்று வீட்டில் யாரும் பேசக் கூடாது. காலை ஐந்தரைக்கு அவளாக எழுந்து வாசலில் உட்கார்ந்து ஷூ கட்டுகிறாளா என்று மட்டும் பாருங்கள். கட்டினால் உள்ளே நெருப்பு இருக்கிறது. மூன்று வாரம் கழித்தும் கட்டவில்லை என்றால், கபடி ஆடட்டும், நீளம் தாண்டட்டும், படிக்கட்டும். அதுவும் அவள் முடிவுதான், அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

திரும்ப ஓடுகிறாள் என்றால் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். அன்றன்றைக்கு எத்தனை ஓடினாள், எத்தனை நிமிடம் இடைவெளி, எப்படித் தூங்கினாள், எங்கே வலித்தது என்று அவளே எழுதட்டும். ஓடாத நாளில் 'ஓடவில்லை' என்று எழுதட்டும். ஸ்டாப் வாட்ச் இதுவரை உங்கள் கையில்தான் இருந்திருக்கும். இனி அது அவளிடமோ அவள் தோழியிடமோ இருக்கட்டும். நோட்டை நீங்கள் எடுத்துப் பார்க்கக் கூடாது, அவளாகக் காட்டினால் பாருங்கள். கடினம்தான், கிரவுண்டு வேலிக்கு வெளியே நின்று துடிக்கிற அப்பாக்களை நான் தினமும் பார்க்கிறேன். வண்டியில் உட்கார்ந்து பேப்பர் படியுங்கள்.

காலை ஆறிலிருந்து எட்டரை வரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில், ஹர்டில்ஸ் அடுக்கி வைத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருப்பேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை அழைத்து வாருங்கள். அன்றைக்கு அவளை ஓடச் சொல்ல மாட்டேன். 17 வயதுப் பிள்ளைகள் 400 ஓடுவதை 300 மீட்டர் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும், அவர்களுக்கும் அந்த இடத்தில் தோள் ஏறுகிறதா என்று. அவளுக்கு வர இஷ்டம் இருந்தால் மட்டும் அழைத்து வாருங்கள். இல்லையென்றால் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நீங்கள் வாருங்கள், நாம் பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் தடகளப் பயிற்சியாளர், மதுரை